மாட்டு வியாபாரி மகன் பேசிய பேரம்

யுஸ்டின் லாம்ஃப்ரோமைப் பார்த்தால் கமாண்டோ என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். குள்ளம். வளைந்த கால். கைகள் மட்டும் ஆளுக்குப் பொருத்தமில்லாத அளவுக்கு அகலம். வேல்ஸ் கடற்கரையில் பயிற்சி நடந்தபோது ஓட்டப்பந்தயத்தில் அவன்தான் எப்போதும் கடைசி. ஆனால் ஒரு முழு ஆளைத் தோளில் போட்டுக்கொண்டு பாறைமேல் ஏறச் சொன்ன அன்றைக்கு, முன்னால் ஓடினவர்களெல்லாம் பாதி வழியில் நாக்குத் தள்ளி நிற்க, இவன் ஏதோ கன்றுக்குட்டியைத் தூக்கிப் போகிறவன் போல நிதானமாக உச்சிக்குப் போய்ச் சேர்ந்தான்.

கன்றுக்குட்டிகளை அவன் உண்மையிலேயே தூக்கியிருக்கிறான். படையில் மற்றவர்களெல்லாம் டாக்டர் மகன், வக்கீல் மகன், பேராசிரியர் மகன். இவனையும் சேர்த்து அத்தனை பேரும் யூதர்கள். ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் உயிர் தப்பி இங்கிலாந்துக்கு ஓடி வந்தவர்கள். வந்தவர்களை வெள்ளைக்காரன் என்ன செய்தான் என்றால், 'எதிரி நாட்டான்' என்று சொல்லி முள்வேலிக்குள் அடைத்தான்! நாஜிக்குப் பயந்து ஓடி வந்தவனை நாஜி ஆள் என்று அடைத்த அறிவை என்னவென்று சொல்ல? பிறகு புத்தி வந்து, குழி தோண்டும் படையில் சேர்த்து, அதற்கும் பிறகுதான் 'இவன்களுக்கு ஜெர்மன் பாஷை தெரியுமே' என்று உறைத்து, கமாண்டோ ஆக்கினான்.

சேர்ந்த அன்றே எல்லோருக்கும் ஆங்கிலப் பெயர் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். யோசிக்க ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். யுஸ்டின் லாம்ஃப்ரோம் ஜாக் லாம்பர்ட் ஆனான். கழுத்தில் தொங்கும் தகட்டில் 'இங்கிலாந்து திருச்சபை' என்று மதமும் மாறியது. சொந்தப் பெயரோடு நாஜியிடம் மாட்டினால் அந்த இடத்திலேயே தோட்டாதான். அதோடு போகாது, ஜெர்மனியில் மிச்சமிருக்கும் அப்பா அம்மாவைத் தேடிப்பிடித்துப் பழிவாங்குவான்கள். அதனால் சொந்தப் பெயரை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது படையின் முதல் கட்டளை.

யுஸ்டினுக்கு நெருங்கிய கூட்டாளி எகோன் வோட்டிட்ஸ். வியன்னாவில் பல் டாக்டர் மகன். ஆங்கிலப் பெயர் எட்டி வெல்ஸ். நெட்டை, வாய்க்கொழுப்பு, எந்த நேரமும் யாரையாவது சீண்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

"டேய் மாட்டுக்காரா, நேத்து ராத்திரி தூக்கத்துல என்னைத் தடவிப் பல்லைப் பிடிச்சுப் பார்த்தியே, எத்தனை வயசுன்னு கண்டுபிடிச்சியா?"

"பல்லெல்லாம் சொத்தை. உங்கப்பா என்ன டாக்டரோ. சந்தையில உன்னை ஒருத்தனும் வாங்க மாட்டான்."

இப்படித்தான் இரண்டு பேரும். ஒருவன் இல்லாமல் ஒருவன் சாப்பிட உட்கார மாட்டான்.

யுஸ்டினின் அப்பா சாலமோன் லாம்ஃப்ரோம், மெயின் ஆற்றுப் பக்கம் ஓபர்வால்ட்பாக் என்ற கிராமத்தில் மாட்டு வியாபாரி. சுற்றுவட்டாரத்தில் இருபது கிராமத்து விவசாயிகளுக்கும் அவரைத் தெரியும். அங்கே மாட்டுப் பேரத்துக்குப் பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது. வியாபாரி விவசாயியின் கையைப் பிடித்துக்கொள்வார். ஒவ்வொரு விலை சொல்லும்போதும் அந்த உள்ளங்கையில் ஒரு தட்டு. படியவில்லை என்றால் கையை உதறிவிட்டு நடையைக் கட்டலாம். படிந்துவிட்டால் வியாபாரி உள்ளங்கையை மேலே காட்டி நீட்டுவார், விவசாயி ஓங்கிப் பளாரென்று ஓர் அறை வைப்பார். அவ்வளவுதான். அதன் பிறகு தலைகீழாக நின்றாலும் பேச்சு மாறக் கூடாது. ஒருமுறை சாலமோன் வாங்கின பசு வீடு வந்து சேருமுன் வயிறு ஊதி வழியிலேயே செத்து விழுந்தது. விற்றவன் மனசு கேட்காமல் பாதிப் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். சாலமோன் தொடவில்லை. "கை கொடுத்தாச்சே, இனிமே அது என் மாடுதானே" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற மகனிடம் மண்வெட்டி எடுத்துவரச் சொன்னார்.

அப்படிப்பட்ட மனிதரை முப்பத்தெட்டாம் வருஷம் நவம்பரில் அடித்து இழுத்துப்போய் முகாமில் ஆறு வாரம் வைத்தான்கள். தொழுவத்தைக் காலி செய்தான்கள். மறு வருஷம் யுஸ்டினுக்கு மட்டும் இங்கிலாந்தில் ஒரு பண்ணையில் வேலைக்கு அனுமதி கிடைத்தது. அவன் புறப்பட்டான். அப்பாவும் அம்மாவும் நின்றுவிட்டார்கள். சண்டை தொடங்கிய பின் கடிதப் போக்குவரத்து செஞ்சிலுவைச் சங்கம் மூலமாகத்தான். ஒரு தாளில் இருபத்தைந்து வார்த்தைதான் எழுதலாம். கடைசித் தாள் நாற்பத்திரண்டு பிப்ரவரியில் வந்தது. அம்மாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது, நீ கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே என்று இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. தபால் வரும் நேரத்தில் யுஸ்டின் எந்த வேலையில் இருந்தாலும் போட்டுவிட்டு வாசலுக்குப் போய் நிற்பான். இரண்டரை வருஷமாக நின்றான். அந்த நேரத்தில் மட்டும் எகோன் அவனைக் கேலி செய்ததே இல்லை.

நாற்பத்துநான்கு நவம்பர். கடல் உடைத்து உள்ளே புகுந்துவிட்ட ஒரு டச்சுத் தீவு. நடுவெல்லாம் தண்ணீர். ஓரத்தில் மணல்மேடுகள் மட்டும் மிச்சம். அந்த மேடுகளுக்குள் ஜெர்மன்காரன் கட்டி வைத்த சிமெண்ட் அரண்கள். நம் ஆட்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆங்கிலேயப் படைகளோடு சேர்த்திருந்தார்கள். முன்னால் தவழ்ந்து போய் வழி பார்ப்பது, எதிரி பேசுவதை ஒட்டுக் கேட்பது, பிடிபட்டவனை விசாரிப்பது இவர்கள் வேலை.

அன்று காலை ஓர் அரணுக்கு முன்னால் புதைத்திருந்த கண்ணிவெடிகளுக்குள் வழி தேடி யுஸ்டினும் எகோனும் தவழ்ந்தார்கள். எகோன் முன்னால், யுஸ்டின் முப்பது அடி பின்னால். மணலைக் கத்தியால் குத்திக் குத்திப் பார்த்து எகோன் கிட்டத்தட்டத் தாண்டியேவிட்டான். அப்போதுதான் அரணின் துவாரத்திலிருந்து இயந்திரத் துப்பாக்கி பேசியது. எகோனுக்குத் தொடையில் அடி. யுஸ்டின் பாய்ந்து போகப் பார்த்தான், முகத்துக்கு முன்னால் மணல் தெறித்தது. நகர விடவில்லை.

"ஜாக், வராதே! பெல்ட்டால கட்டிட்டேன்!" என்று எகோன் கத்தினான். "நீயும் செத்தேன்னா எனக்கு யாருடா சிகரெட் கொண்டு வருவா?"

குரல் தெம்பாகத்தான் இருந்தது. ஆனால் மணல் சிவந்துகொண்டே வந்ததை யுஸ்டின் பார்த்தான்.

பின்னால் தவழ்ந்து வந்து கேப்டன் ப்ரெண்டிஸிடம் சொன்னான். கேப்டன் நல்ல மனிதர்தான், ஆனால் அவர் முகம் தொங்கிப் போனது.

"பன்னிரண்டு மணிக்கு விமானம் வருது, ஜாக். இந்த அரண் மேலதான் ராக்கெட். எட்டி கிடக்கிற இடம் அதுக்கு நாற்பது அடி முன்னால. நான் என்ன செய்யட்டும், சொல்லு."

"நிறுத்த முடியாதா, சார்?"

"உள்ளே இருக்கறவன் வெளியே வந்துட்டா நிறுத்தலாம். பதினொன்னே முக்காலுக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும். அதுக்கப்புறம் ரேடியோல கத்தினாலும் பிரயோசனம் இல்லை."

அப்போது மணி பதினொன்று பத்து.

"நான் போய்ப் பேசறேன், சார்."

"என்னன்னு பேசுவே?"

"விலை பேசுவேன்" என்றான் யுஸ்டின்.

துப்பாக்கியைக் கீழே வைத்தான். முகம் துடைக்கும் வெள்ளைத் துண்டை ஒரு கழியில் கட்டினான். எழுந்து நின்று, எகோன் தவழ்ந்த தடத்தின் மேலேயே ஓர் அடிக்குப் பின் ஓர் அடியாக வைத்து நடந்தான். அரணிலிருந்து யாரும் சுடவில்லை. எகோன் கிடந்த இடத்துக்கு வந்தபோது அவன் உதடு வெளுத்திருந்தது.

"உனக்கு என்ன பைத்தியமாடா?"

"சும்மா படுத்திரு. ஒரு பேரம் முடிச்சுட்டு வரேன்."

அரணின் இரும்புக் கதவு திறந்தது. ஒரு சார்ஜெண்ட் வெளியே வந்தான். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். கன்னம் ஒட்டி, மஞ்சள் பூத்த முகம். இடுப்பில் துப்பாக்கி. அவனுக்குப் பின்னால் சுவரின் துவாரத்தில் இயந்திரத் துப்பாக்கியின் வாய் யுஸ்டின் நெஞ்சைப் பார்த்து இருந்தது.

"நில்லு அங்கயே! என்ன வேணும்?"

நாலே வார்த்தை. யுஸ்டின் உடனே கண்டுகொண்டான். அது மெயின் ஆற்றங்கரைப் பேச்சு. அவனுடைய ஊர்ப் பேச்சு. ஐந்து வருஷமாக அதைக் கேட்டதில்லை. காது சந்தோஷப்பட்டது, நெஞ்சு கொதித்தது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி வரும் என்று கேட்காதீர்கள். வந்தது.

"என்ன வேணுமா? உங்களைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்" என்று அவனும் அதே பேச்சில் சொன்னான்.

சார்ஜெண்ட் ஓர் அடி முன்னால் வந்தான். "ஏய், இங்கிலீஷ்காரா... எங்க ஊர்ப் பேச்சு உனக்கு எப்படி?"

"எங்கம்மா அந்தப் பக்கம்." அது பொய்யில்லை. "நீங்க எந்த ஊர்?"

"அதெல்லாம் உனக்கு எதுக்கு? என் பேர் கிலியான் ரோடர். என்னையும் சேர்த்து நாங்க முப்பத்தெட்டு பேர். குண்டு இருக்கு, ரொட்டி இருக்கு. சரணடையற எண்ணமெல்லாம் இல்லை."

எண்ணமில்லாதவன் எதற்குக் கதவைத் திறந்துகொண்டு வந்தான்? யுஸ்டினுக்கு அங்கேயே பிடிபட்டுவிட்டது. 'மாட்டை விற்கவே மாட்டேன்' என்று சொல்கிற விவசாயிதான் அதைக் கழுவி வாசலில் கட்டி வைத்திருப்பான் என்று அப்பா சொல்லிச் சிரிப்பார்.

"உங்க ஆபீசர் எங்கே?"

"இருக்கார்."

"இல்லை. இருந்தா நீங்க வந்திருக்க மாட்டீங்க."

கிலியான் பல்லைக் கடித்தான். "முந்தாநாள் டெலிபோன் பண்ணிட்டு வரேன்னு போனார். வரல."

"சரி. முப்பத்தெட்டு பேர்னு பெரிசா சொல்றீங்க. உள்ள இருந்து ஒரு இருமல், ஒரு ஏப்பம், ஒரு முனகல். என்ன படை இது?"

"வயித்துக்கோளாறுக்காரங்க" என்றான் கிலியான் சற்றுக் கூச்சத்தோடு. "எல்லாருக்கும் குடல்புண். கறுப்பு ரொட்டி ஒத்துக்காது. அதான் எங்களை எல்லாம் ஒண்ணாப் போட்டு வெள்ளை ரொட்டி கொடுத்து இங்க நிறுத்தியிருக்கான்."

"கேட்டீங்களா! சீக்கு மாடு முப்பத்தெட்டு. பால் கிடையாது, உழவுக்கு ஆகாது, தீனி மட்டும் தனித் தீனி. இதை இலவசமா கொடுத்தாலே யோசிக்கணும். இதுக்கு நீங்க விலை வேற சொல்றீங்களா?"

துவாரத்துக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தான். கிலியானுக்கும் உதடு கோணியது. அடக்கிக்கொண்டான்.

"சாயங்காலம் வரைக்கும் டைம் கொடு. ராணுவ மரியாதைப்படி ஒரு ஆபீசர் வந்து என்கிட்ட கேட்கணும். கெடிகாரம், போட்டோ எதையும் பிடுங்கக் கூடாது. எங்களை டச்சுக்காரங்க கையில கொடுக்கக் கூடாது. என் ஆளுங்களுக்கு வெள்ளை ரொட்டியும் பாலும் வேணும்."

யுஸ்டின் தன்னை அறியாமலேயே முன்னால் போய் அவன் வலது கையைப் பிடித்துவிட்டான். பத்து வயதிலிருந்து அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்த பழக்கம். பேரம் சூடு பிடித்துவிட்டால் கை தானாகப் போய்விடும்.

"கெடிகாரம் உங்களுது, போட்டோவும் உங்களுது." கிலியானின் உள்ளங்கையில் ஒரு தட்டு. "டச்சுக்காரன் கையில கொடுக்கறதில்லை." இன்னொரு தட்டு. "ஒருத்தர் மேலயும் அடி விழாது, நான் பொறுப்பு." இன்னொன்று. "ஆனா ஆபீசர் வர மாட்டார். சாயங்காலமும் கிடையாது. இப்பவே. அதுவும் முதல்ல அதோ கிடக்கிறானே, அவனை உங்க ஆளுங்க நாலு பேர் தூக்கணும். கண்ணிக்கு நடுவுல உங்களுக்குத் தெரிஞ்ச வழியில எங்க பக்கம் கொண்டு வந்து சேர்க்கணும்."

"முடியாது. சாயங்காலம்."

"சரி, விடுங்க." யுஸ்டின் கையை உதறினான். திரும்பி நடந்தான்.

சந்தையில் இப்படி நடக்கும்போது முதுகு சொல்ல வேண்டும், 'இந்த மாடு எனக்கு ஒரு பொருட்டே இல்லை' என்று. ஆனால் இவன் முன்னால் மணலில் கிடந்தது எகோன். தலை ஒரு பக்கம் சரிந்து, கண் மூடியிருந்தது. ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. நடையை மாற்றாமல் எண்ணிக்கொண்டே நடந்தான். ஐந்து. ஆறு. கூப்பிடுடா பாவி, கூப்பிடு. ஏழு.

"ஏய்! வெள்ளை ரொட்டி?"

யுஸ்டின் திரும்பி அவன் முன்னால் வந்து நின்றான். "வெள்ளை ரொட்டி, பால். நானே வாங்கித் தரேன்."

"நிஜமா?"

"நிஜமா." யுஸ்டின் உள்ளங்கையை மேலே காட்டி நீட்டினான்.

நீட்டிய பிறகுதான் தான் செய்த காரியம் அவனுக்கு உறைத்தது. கிலியான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். பார்வை மெல்ல மேலே ஏறி முகத்துக்கு வந்தது. எந்த ஆங்கிலேயன் இப்படிக் கை நீட்டுவான்? எந்த அம்மா இதைச் சொல்லிக் கொடுப்பாள்? மெயின் ஆற்றங்கரையில் பேரம் முடிக்க இப்படிக் கை நீட்டுகிறவர்கள் ஒரே கூட்டத்தார்தான். அந்தக் கூட்டத்தார் இப்போது அங்கே ஒருவர்கூட இல்லை.

"நீ இங்கிலீஷ்காரன் இல்லை" என்றான் கிலியான் மெதுவாக. அவனுடைய மற்றொரு கை இடுப்புத் துப்பாக்கியின் பக்கம் போனது. "யூத மாட்டு வியாபாரி வீட்டுப் பிள்ளை. யார் வீடு?"

மணி பதினொன்று முப்பத்தாறு. துவாரத்துக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் நின்றுவிட்டது. ஜாக் லாம்பர்ட் என்று சொல்லலாம். திருச்சபைத் தகட்டை எடுத்துக் காட்டலாம். படையின் கட்டளையும் அதுதான். ஆனால் பொய்ப் பெயரை வைத்துக்கொண்டு நீட்டின கையை எந்த விவசாயியும் தட்ட மாட்டான், தட்டினாலும் அது செல்லாது என்று யுஸ்டினுக்குத் தெரியும். எகோனின் உயிர் அந்தத் தட்டில் இருந்தது.

"ஓபர்வால்ட்பாக்" என்றான். கையைக் கீழே இறக்கவில்லை. "சாலமோன் லாம்ஃப்ரோமோட மகன்."

கிலியான் கண்ணை மூடித் திறந்தான். பிறகு ஓங்கி அந்த உள்ளங்கையில் பளாரென்று ஓர் அறை வைத்தான்.

"முடிஞ்சுது" என்றான்.

யுஸ்டின் கழியில் கட்டிய துண்டை மூன்று முறை தலைக்கு மேல் சுழற்றினான். பேரம் படிந்தால் காட்டுவதாகக் கேப்டனிடம் சொல்லிவிட்டு வந்த சைகை அது. எதிர் மேட்டில் ரேடியோக்காரன் ஓடுவது தெரிந்தது.

நான்கு பேர் அரணிலிருந்து ஒரு கதவைக் கழற்றிக் கொண்டுவந்து அதில் எகோனைக் கிடத்தினார்கள். கிலியான் முன்னால், அவன் மிதித்த இடத்திலேயே மிதித்து யுஸ்டின், பின்னால் கதவு. "எங்கப்பா எப்படி இருக்கார், தெரியுமா?" என்று யுஸ்டின் அவன் முதுகைப் பார்த்துக் கேட்டான். "இங்க பேச்சு வேணாம், கால் தப்பிரும்" என்றான் கிலியான், திரும்பாமல். மேட்டைத் தாண்டியதும் மருத்துவர்கள் எகோனைப் பிடுங்கிக்கொண்டார்கள். "ரத்தம் நிறையப் போயிருக்கு, ஆனா பிழைச்சுக்குவான்" என்றார் டாக்டர். யுஸ்டின் மணலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். விமானங்கள் தலைக்கு மேல் பறந்து வேறு பக்கம் போயின. அரணுக்குள் மிச்சமிருந்தவர்களும் வரிசையாக வெளியே வந்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் எழுந்து கிலியானிடம் போனான்.

"இப்பச் சொல்லுங்க."

கிலியான் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு சொன்னான். நாற்பத்திரண்டு ஏப்ரலில் அந்த வட்டாரத்தில் மிச்சமிருந்தவர்களையெல்லாம் ரயிலேற்றினார்கள். கிழக்கே எங்கேயோ. மூட்டைகளை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக வண்டி வேண்டுமென்று அலுவலகத்தில் கேட்டார்கள். இவன் வண்டியும் குதிரையும் கொண்டு போனான்.

"உங்கப்பா வண்டிக்குப் பக்கத்துலயே நடந்து வந்தார். உங்கம்மாவால நடக்க முடியல. மூட்டை மேல உட்காரட்டுமான்னு கேட்டார். நான்... கூட வந்த போலீஸ்காரன் கூடாதுன்னுட்டான்."

"அப்புறம்?"

"ஸ்டேஷன்ல என்கிட்ட வந்தார். மடிச்ச ஒரு தாள். 'இங்கிலாந்துல என் மகனுக்கு அனுப்பிடு, ரோடர், இது ஒண்ணுதான் கேக்கறேன்'னு அதை உள்ளங்கையில வச்சு நீட்டினார். பேரத்துக்கு நீட்டற மாதிரியே. ஊர்க்காரங்க எல்லாம் பார்த்துக்கிட்டு இருந்தாங்க." கிலியான் நிறுத்தினான். "நான் கையைப் பாக்கெட்ல விட்டுக்கிட்டேன்."

"அதுல என்ன எழுதியிருந்தார்?"

"தெரியாது. நான்தான் வாங்கவே இல்லையே."

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஆங்கிலேயக் கார்ப்பொரல் ஸ்டப்ஸுக்கு ஜெர்மன் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் யுஸ்டினின் முகம் தெரிந்தது. அருகில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னான், "ஜாக், அவன் உனக்கு என்ன பண்ணினான்னு நான் கேக்கல. நீ அப்படியே அந்தப் பக்கம் திரும்பிக்கோ. தப்பியோடப் பார்த்தான், சுட்டேன்னு நான் சொல்லிக்கறேன். யாரும் கேக்க மாட்டாங்க."

யுஸ்டின் கல்லால் ஆனவன் இல்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. திரும்பிக்கொள்ளத்தான் நினைத்தான், உடம்பு பாதி திரும்பியேவிட்டது. அந்தக் கணத்தில் அவன் முழுதும் திரும்பியிருந்தாலும் இந்தக் கதையைச் சொல்கிறவன் அவனைக் குற்றம் சொல்ல மாட்டான்.

"வேணாம், ஸ்டப்ஸ்" என்றான் கடைசியில். "நான் கை கொடுத்துட்டேன்."

பிறகு நேராகச் சமையல்காரனிடம் போய் முப்பத்தெட்டு பேருக்கு வெள்ளை ரொட்டியும் பாலும் கேட்டான். சமையல்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "நம்ம ஆளுங்களே நாலு நாளா பிஸ்கட்டைக் கடிக்கறான், எதிரிக்கு வெள்ளை ரொட்டியா? பட்டுத் தலையணையும் போடட்டுமா?" யுஸ்டின் சிரிக்கவில்லை. கத்தினான், கெஞ்சினான், கேப்டன் வரைக்கும் போனான். வாழ்நாளில் அவ்வளவு கேவலமாக அவன் எதற்கும் கெஞ்சியதில்லை. அரணுக்குள்ளேயே கிடந்த அவர்களுடைய ரொட்டி மூட்டையை எடுத்துவரக் கேப்டன் அனுமதித்தார். டின் பாலைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார்கள். யுஸ்டினே வரிசையில் நடந்து ஊற்றினான். கிலியானின் குவளைக்கு வந்தபோது கொஞ்சம் சிந்தியது. குறைந்த அளவுக்கு மறுபடி ஊற்றினான்.

மதியம் கைதிகளைப் படகேற்ற வந்தார்கள். கடைசியாக நின்ற கிலியான் சட்டென்று யுஸ்டின் பக்கம் வந்தான். கையில் ஒரு தாள் இருந்தது, நான்காக மடித்தது.

"என் பொண்டாட்டிக்கு நான் உயிரோட இருக்கறது தெரியாது" என்றான். "இதை..."

எப்படிப்பட்ட நெஞ்சழுத்தம் பாருங்கள்! கேட்க எப்படி வாய் வந்தது? யுஸ்டினுக்கு முகம் ரத்தமாய்ச் சிவந்தது.

"த்தூ!" என்றான். "நீயெல்லாம் ஒரு மனுஷனா? இது நம்ம பேரத்துல இல்லை!"

"இல்லைதான்" என்றான் கிலியான். தாளை நீட்டியபடியே நின்றான். முப்பத்தேழு கைதிகள், காவலர்கள், படகுக்காரன், ஸ்டப்ஸ், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யுஸ்டின் அந்தத் தாளை வெடுக்கென்று பிடுங்கி, பார்க்காமலே சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு, படகு கிளம்பும் முன்பே அங்கிருந்து போய்விட்டான்.

நான்கு நாள் அது சட்டைப்பையில் கிடந்தது. ஐந்தாம் நாள், ஆஸ்பத்திரிக் கூடாரத்தில் எகோனைப் பார்க்கப் போனான். சிகரெட் கொடுத்தான். நடந்ததெல்லாம் சொன்னான். அப்பா நீட்டின தாளைப் பற்றிச் சொல்லும்போது தேம்பித் தேம்பி அழுதான். எகோன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தான்.

"அந்தக் கடுதாசியைக் கொண்டா இங்க" என்றான் கடைசியில். "நான் கிழிச்சுப் போடறேன். உனக்குப் பாவம் வேணாம்."

யுஸ்டின் தாளை வெளியே எடுத்தான். கொடுக்கவில்லை. மடியில் வைத்துக் கசங்கின மூலையை விரலால் நீவினான்.

"அவன் பொண்டாட்டி என்ன தப்பு பண்ணினா, எகோன்? தபால்காரன் வர நேரத்துக்கு வாசல்ல வந்து நிப்பா. அவன் இல்லைன்னு தலையாட்டிட்டுப் போவான். உள்ள போய் வேலை செய்யற மாதிரி நடிக்கணும். அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்டா."

எகோன் தன் சிகரெட்டில் ஒன்றை எடுத்து அவனிடம் நீட்டினான்.

அன்று மாலையே யுஸ்டின் அதைச் செஞ்சிலுவைச் சங்கத்தார் மேஜையில் கொண்டுபோய்க் கொடுத்தான். அங்கே உட்கார்ந்திருந்த பெண்ணிடம், நிச்சயமாகப் போய்ச் சேருமா என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டான்.